பையன் கஞ்சா விற்றால் அப்பா உள்ளே போவாரா? உங்களுக்குத் தெரியுமா?

இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) எந்த நாளில் அமலுக்கு வந்தது தெரியுமா? 1985 நவம்பர் 14. குழந்தைகள் தினம்!

அதே 1985-ல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து விருதுநகர் மாவட்டம் பிறந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற மாவட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஒரே வயது!

இந்தச் சட்டத்துக்கு முன்பு இருந்தது 1930-ம் ஆண்டுச் சட்டம். முதல் முறை பிடிபட்டால் அதிகபட்சம் 3 ஆண்டு. இன்றைக்கு? 20 ஆண்டு வரை!

சரி, விஷயத்துக்கு வருவோம். மகன் வீட்டுக்குள்ளேயே கஞ்சா பொட்டலம் போட்டு விற்கிறான். அப்பா அதைத் தொடவே இல்லை. ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டார். அவருக்கு என்ன தண்டனை? அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அப்படியே அதே தண்டனை!

என்.டி.பி.எஸ். சட்டம், 25-வது பிரிவு. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பிரிவை வாசித்துக் காட்ட வேண்டும் என்பேன்!

வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சே இல்லை. உரிமையாளர், குடியிருப்பவர், கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், பயன்படுத்துபவர்... நாலு பேருமே இந்தப் பிரிவுக்குள் அடக்கம்! தெரிந்தே விட்டுவைக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இதே கதிதான்!

வீடு மட்டுமா? அறை, காலி இடம், வண்டி எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. கூடவே இன்னொன்றும் உண்டு. நம்ப மாட்டீர்கள்: விலங்கு! ஆமாம், தன் வளர்ப்பு விலங்கைத் தெரிந்தே கடத்தலுக்கு விட்டாலும் அதே தண்டனைதான்!

கஞ்சாவுக்கு எடைதான் எல்லாம்! 1 கிலோவுக்குக் குறைவா? ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் நடுவிலா? 10 ஆண்டு வரை, 1 லட்சம் வரை. 20 கிலோவுக்கு மேலா? குறைந்தபட்சமே 10 ஆண்டு. அதிகபட்சம் 20. அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம்!

மெத்தாம்பெட்டமைன் என்றால் கணக்கு தலைகீழ். 2 கிராமைத் தாண்டினாலே ‘சிறிய அளவு’ சலுகை போய்விடும். 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. அதாவது குறைந்தபட்சம் 10 ஆண்டு!

எல்.எஸ்.டி. ஸ்டாம்ப்? 0.1 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு! ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவான எடைக்கு 10 ஆண்டுக் கடுங்காவல்!

சாக்லேட்டில் கலந்து விட்டால் எடை குறையுமா? குறையாது! கலந்த பொருளின் மொத்த எடையும் கணக்கில் வரும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது!

இனி எல்லாப் பெற்றோரும் மூச்சுவிடக்கூடிய ஒரு செய்தி. ராஜபாளையத்து மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் அப்பா. சத்திரப்பட்டியில் தறி ஓட்டும் அம்மா. அவர்கள் இல்லாத நேரத்தில் பின்னறையில் என்ன நடக்கிறது என்று நிஜமாகவே தெரியாது. அப்படியானால் 25-வது பிரிவு பாயாது! ‘தெரிந்தே அனுமதித்தல்’ இருந்தால்தான் குற்றம்!

இதற்கு ஒரு லாரி வழக்கே சாட்சி! பஞ்சாபின் போலா சிங் வழக்கு. கசகசாக் காய் உமி கடத்திய லாரியில் அவர் ஒரு பங்குதாரர், அவ்வளவுதான். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 2011-ல் விடுதலை செய்தது. அவர் தெரிந்தேதான் விட்டார் என்பதை அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டுமாம்!

ஆனால் கவனம்! இதே சட்டத்தில் 35-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்ற மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை. அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல்! மற்ற வழக்குகளில் அரசு சுமக்கும் அதே பாரம், இங்கே உங்கள் தலையில்!

பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையின் குற்றத்துக்கு அப்பா அம்மாவைச் சிறையில் போடும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. ஆனால் ஸ்கூட்டர் விஷயத்தில் உண்டு! 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து! பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது! இது நடைமுறைக்கு வந்தது 2019 செப்டம்பரில். பெற்றோர் விஷயத்தில் கஞ்சா சட்டத்தைவிடக் கறாரானது ஸ்கூட்டர் சட்டம் என்பதை நீங்கள் எங்கும் படித்திருக்க மாட்டீர்கள்!

அதே ஸ்கூட்டரில் பொட்டலம் போனால்? வண்டி பறிமுதல்! ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் மட்டும் போதாது. தவறாகப் பயன்படாமல் இருக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்றும் உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். 60-வது பிரிவு! சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கும் அப்பாக்கள் கவனிக்க!

பணம் இன்னும் ஆபத்து! போதை விற்ற காசு என்று தெரிந்தே வாங்கி வைத்தாலோ செலவழித்தாலோ அது தனிக் குற்றம். 27-பி பிரிவு. குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 10! அம்மாவின் ஜிபே எண்ணுக்கு ராத்திரி ராத்திரியாக 200, 500 என்று வந்து விழுகிறதா? யார் அனுப்புகிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்!

2022-ல் தென்மண்டலக் காவல்துறை என்ன செய்தது தெரியுமா? கஞ்சா வழக்கில் சிக்கியவர்களின் வங்கிக் கணக்கை மட்டும் முடக்கவில்லை. உறவினர்களின் கணக்குகளையும் சேர்த்தே முடக்கியது! விருதுநகர் மாவட்டமும் அந்தத் தென்மண்டலத்தில்தான்!

சொத்தும் போகும். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள போதை வழக்கில் ஒருவர் தண்டிக்கப்பட்டால், உறவினர் பெயரில் இருக்கும் சொத்தையும் அரசு தோண்டலாம். கணவன், மனைவி, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அப்பா, அம்மா, தாத்தா, பேரன் என்று பட்டியல் நீள்கிறது. இது நியாயமாகச் சம்பாதித்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியது யார்? சொத்து வைத்திருப்பவர்!

பெற்ற மனம் பிள்ளையை ஒளித்து வைக்கும். சட்டம் அதை ஏற்குமா? ஏற்காது! குற்றவாளிக்கு அடைக்கலம் தரும் பொதுக் குற்றத்தில் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு. தாய்க்கு இல்லை! தந்தைக்கு இல்லை!

போதை வழக்கில் அடைக்கலம் என்றால் 27-ஏ பிரிவு. 10 முதல் 20 ஆண்டு. எத்தனை கிராம் என்ற கேள்வியே இந்தப் பிரிவில் இல்லை!

இந்த 27-ஏ பற்றி ஓர் அபூர்வத் தகவல் கையில் சிக்கியது! 2014-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஓர் உட்பிரிவின் எண் மாறியது. அதைச் சுட்டிக்காட்டும் 27-ஏ பிரிவில் மட்டும் பழைய எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். நாட்டின் மிகக் கடுமையான பிரிவுகளில் ஒன்று, தவறான எண்ணைச் சுட்டிக்கொண்டு 7 ஆண்டு நின்றது! திரிபுரா உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு, 2021-ல் நாடாளுமன்றம் திருத்தியது!

மனைவியிடம் கணவன் சொன்ன ரகசியத்துக்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அம்மாவிடம் மகன் அழுதுகொண்டே சொன்னதற்கு? இல்லவே இல்லை! கூண்டில் ஏற்றிக் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்!

ஜெர்மனியில் பெற்றோர் சாட்சி சொல்ல மறுக்கலாம். தென்கொரியாவில் மகனை ஒளித்து வைத்த தாய்க்கு அடைக்கலக் குற்றத்துக்கான தண்டனை கிடையாது. ஜப்பானில் நீதிபதி தண்டனையைத் தள்ளிவிடலாம். இந்தியாவில் இந்த மூன்றுமே இல்லை! எனக்கு இது வருத்தமான தகவல்தான். ஆனாலும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்!

பிள்ளையைக் கொண்டு பெற்றோரே விற்க வைத்தால்? சிறார் நீதிச் சட்டம் 2015, 78-வது பிரிவு: 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம்!

அதோடு முடியவில்லை! 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 95-வது பிரிவு: குழந்தையைக் குற்றத்தில் ஈடுபடுத்தினால் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 10. குற்றம் நடந்தேவிட்டால், அதை அந்தப் பெரியவரே செய்ததாகக் கருதி அதற்கும் தனித் தண்டனை!

பள்ளிக்கூடம் பக்கத்தில் புகையிலை விற்றால் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அபராதம் வெறும் 200 ரூபாய் வரை. அதே புகையிலையைச் சிறுவன் கையில் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ல் 7 ஆண்டு வரை சிறை! ஒரே கடை, ஒரே பாக்கெட். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூல் லிப் புகையிலை விற்பவர்கள் மீது 77 பாயட்டும் என்பதுதான் என் ஆசை!

பிடிபட்ட பையனுக்கு என்ன நடக்கும்? லாக்கப் கிடையாது. சிறை கிடையாது. விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்!

அந்தக் குழுமத்தில் மூன்று பேர். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்!

எஃப்.ஐ.ஆர்.கூட எல்லா வழக்கிலும் கிடையாது! மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளைப் பாருங்கள். கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ மட்டும்தான் எஃப்.ஐ.ஆர். தனியாகப் பிடிபட்ட சிறுவனுக்குக் காவல் நிலைய நாட்குறிப்பில் ஒரு பதிவும் குடும்பப் பின்னணி அறிக்கையும்தான். அப்பாவும் கூட்டு என்றால் அந்தப் பையன் மீதும் எஃப்.ஐ.ஆர்.! அப்பாவின் கூட்டு பையனின் கணக்கையே மாற்றிவிடுகிறது!

பையன் செய்த குற்றத்துக்கான அபராதத்தை அப்பாவே கட்ட வேண்டும் என்று குழுமம் உத்தரவிடலாம். 18-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது!

நன்னடத்தையில் வீட்டுக்கு அனுப்பினால் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியது பெற்றோர். எத்தனை காலத்துக்கு? 3 ஆண்டு வரை!

16 வயது தாண்டியவனைப் பெரியவனாகக் கருதி விசாரிப்பார்களாமே என்று பயப்படுகிறீர்களா? இதோ துல்லியமான கோடு: 20 கிலோ! கஞ்சா அதற்குள் இருந்தால் முடியவே முடியாது. ஏனென்றால் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் சட்டத்தில் இல்லை. 7 ஆண்டுக்குக் குறையாத குறைந்தபட்சத் தண்டனை இருந்தால்தான் கொடுங்குற்றம். 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக்கொடுத்த கோடு இது. 20 கிலோவைத் தாண்டினால்? மூன்று மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு. அதன் பிறகு வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கே போகலாம்!

குற்றம் நடந்த நாளில் வயது 17 ஆண்டு 364 நாளா? அவன் சிறுவன்தான்! பிடிபடும்போது 20 வயதானாலும் சிறுவன்தான்! வழக்கு முடிந்து தீர்ப்பு வந்த பிறகும் வயதுக் கோரிக்கையை எழுப்பலாம்!

இனி நம் ஊர் நீதிமன்றக் கணக்கு. மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில். மாவட்ட முதன்மை நீதிமன்றம் எங்கே? ஸ்ரீவில்லிபுத்தூரில்! ஆண்டாள் ஊருக்குக் கோபுரத்துக்கும் பால்கோவாவுக்கும் மட்டும் அல்ல, வாய்தாவுக்கும் மாவட்டமே வருகிறது! மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அது திறக்கப்பட்டது 2004 ஜூலையில்!

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்களா? தோப்புக்குள் யாரோ கஞ்சாச் செடி வைத்திருப்பது உங்கள் கண்ணில் பட்டால் உடனே தகவல் தர வேண்டியது உங்கள் கடமை. தெரிந்தும் சும்மா இருந்தால் தண்டனை! 46-வது பிரிவு!

மொட்டை மாடித் தொட்டியில் ஒரே ஒரு செடி? அதுவும் சாகுபடிதான்! 10 ஆண்டு வரை!

வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாமா? போதை வழக்கில் நுழையலாம்! சூரிய உதயம் முதல் மறைவு வரை. ராத்திரியில் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கதவைத் திறக்காவிட்டால் உடைக்கலாம்! பெண்களைச் சோதனையிடப் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி!

தகவல் கொடுத்தது யார் என்று சொல்லும்படி போலீஸை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 68-வது பிரிவு! தெருவில் பார்த்ததைச் சொல்லத் தயங்கும் அக்கம்பக்கத்தாரே, தைரியமாக 10581-க்கு அழையுங்கள். ஆனால் வரப்புத் தகராறுக்காக வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தால்? உங்களுக்கே 2 ஆண்டு வரை சிறை!

போதைத் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது! இதை 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த மாநிலத்து வழக்கில்? நம் தமிழ்நாட்டு வழக்கில்! தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. இன்று நாடு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள்!

வெளிநாடுகளில் எப்படி? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு குடும்பம். 22 வயது மகன் 40 டாலர் ஹெராயின் விற்றுப் பிடிபட்டான். அன்றைய மதிப்பில் 2,500 ரூபாய்கூட இல்லை. பெற்றோர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. 2014-ல் நகர நிர்வாகம் வீட்டையே பூட்டி அவர்களை வெளியே நிறுத்தியது! விட்டார்களா? வழக்குப் போட்டார்கள். 2018-ல் நகரமே சமரசத்துக்கு இறங்கிவந்தது!

பிரிட்டனில் வீட்டில் கஞ்சா விற்கத் தெரிந்தே இடம் கொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை!

சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை! 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஒரு தமிழர் மீதான வழக்கின் எடை 1,017.9 கிராம். கஞ்சாவை அவர் கையில் பிடித்ததாகக்கூட வழக்கு இல்லை. கடத்தலுக்கு உடந்தை என்பதே குற்றச்சாட்டு! இந்தியாவில் அந்த எடைக்கு அதிகபட்சம் 10 ஆண்டு!

நம் நாட்டில், பிடிபட்ட சிறுவனின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிட்டால், வெளியிட்டவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே! வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ தட்டிவிடும் மாமாக்கள், சித்தப்பாக்கள் இரண்டு முறை படியுங்கள்!

வழக்கு முடிந்துவிட்டால், நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட அந்தப் பழைய பதிவைப் போலீஸ் வெளியிடக் கூடாது!

கடைசியாக, இத்தனை தேடலில் என்னை மிகவும் சந்தோஷப்படுத்திய கண்டுபிடிப்பு! 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு வழக்கில் சிக்கியிருந்தால், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்தே விலக்கு! சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். கஞ்சா என்றால் 1 கிலோவுக்குக் கீழ் என்பதுதான் கணக்கு. போதை மீட்புக்குத் தேசிய உதவி எண் 14446. ஒரு பைசா செலவில்லை!